மெக்கானிக் வந்தால் ஓடிவிடும் பழுது

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் புது பாய்லர் இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரா கிரேன் பாய்லரைத் தூக்குகிறது. பத்தடி உயரத்தில் பூம், அதாவது கிரேனின் கை, அப்படியே நின்றுவிடுகிறது. ஆபரேட்டர் லீவரைத் தள்ளிப் பார்க்கிறார், அசையவில்லை. சற்று நேரத்தில், யாரும் எதையும் தொடாமலே, மறுபடி வேலை செய்கிறது. மறுநாள் மன்னார்குடியிலிருந்து எலக்ட்ரீஷியன் வருகிறார். அன்று பொழுதுக்கும் கிரேன் சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்கிறது. அவர் கிளம்பிப் போன மறுநாள் பழையபடி நிற்கிறது.

வந்து வந்து போகும் இந்த மின்பழுதை ‘விட்டுவிட்டு வரும் பழுது’ என்பார்கள். மோட்டார் எரிந்துபோனால் கண்டுபிடிப்பது எளிது, வாசனையே காட்டிக்கொடுக்கும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்தில் என்னவென்று தேடுவது?

முதலில், கிரேன் ஏன் நின்றது என்று பார்ப்போம். கொக்கி பூமின் நுனிவரை ஏறி மோதிவிட்டால் கம்பிவடம் அறுந்து பாரம் கீழே விழும். அதைத் தடுக்க நுனியில் ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கிறது. கொக்கி எல்லை தாண்டியதும் அது மின்சாரத்தை ‘அனுப்பி’ எச்சரிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். வடிவமைத்தவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். அந்தச் சுவிட்ச் வழியே எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்வரைதான் தூக்க அனுமதி. கொக்கி எல்லையைத் தொட்டால் ஓட்டம் அறுபடும், கிரேன் நிற்கும். இதனால் வயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், வயர்களை இணைக்கும் கப்ளர் கழன்றாலும் முடிவு ஒன்றே: கிரேன் நிற்கும், ஆள் பிழைப்பார்.

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற இடங்களில் கூரைக்கடியில் ஓடும் பாலக் கிரேன்களிலும் இதே சூட்சுமம். அங்கே பிரேக்கைப் பிடிப்பது மின்சாரம் அல்ல, ஸ்பிரிங். மின்சாரத்தின் வேலை பிரேக்கை விடுவிப்பது. கரண்ட் போன கணத்தில் ஸ்பிரிங் இறுக்கிக்கொள்ளும். பாரம் அந்தரத்தில் பத்திரமாக நிற்கும். ஆகவே கிரேன் நிற்பது கோளாறு அல்ல, கோளாறுக்கு அது கொடுக்கும் சரியான பதில். கோளாறு வேறெங்கோ ஒளிந்திருக்கிறது.

பெரும்பாலும் அது ஒளிந்திருக்கும் இடம் இரண்டு உலோகங்கள் தொடும் புள்ளி. கப்ளருக்குள் ஒரு பின்னும் அதன் துளையும் முழுசாக ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். நுண்ணோக்கியில் கதை வேறு. எவ்வளவு மெருகேற்றினாலும் உலோகப் பரப்பு மேடுபள்ளம்தான். இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று அழுத்தினால் முள்ளும் முள்ளும் மட்டும் தொடுமே, அப்படிச் சில முனைகளில்தான் உண்மையான தொடுகை. மின்சாரம் முழுவதும் அந்த முனைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகிறது. இதை விரிவாக ஆராய்ந்தவர் ராக்னர் ஹோல்ம் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர். மின் தொடுகையைப் பற்றிய உலக ஆய்வு மாநாடு இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது.

இப்போது எஞ்சினை ஓட விடுங்கள். அதிர்வில் பின்னும் துளையும் ஒன்றன்மேல் ஒன்று உரசுகின்றன. உரசும் தூரம் மிகச் சிறியது: சில மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் ஒவ்வோர் உரசலிலும் பின்னின் மேலுள்ள வெள்ளீயப் பூச்சில் ஒரு துளி சுரண்டப்பட்டு, காற்றில் ஆக்ஸைடு ஆகி, கறுப்புப் பொடியாக அங்கேயே தங்குகிறது. பொடி மின்சாரத்தைக் கடத்தாது. முனைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. ஓர் அதிர்வில் கடைசி முனையும் மூடும். அடுத்த அதிர்வில் பொடி விலகி வழி திறக்கும். எலக்ட்ரீஷியன் கப்ளரைக் கழற்றி மாட்டினாலே பொடி உதிர்ந்து எல்லாம் சரியாகிவிடும். எதைச் சரிசெய்தோம் என்று அவருக்கே தெரியாது!

திருத்துறைப்பூண்டிக்கு இன்னொரு எதிரியும் உண்டு: உப்பு.  இங்கிருந்து அகஸ்தியம்பள்ளிக்குப் போகும் 37 கிலோமீட்டர் ரயில் பாதை போய்ச் சேருவது வேதாரண்யத்து உப்பளங்களில். கடற்காற்றில் வரும் உப்புத்துகள் கப்ளருக்குள் இரண்டு பின்களுக்கு நடுவே படிகிறது. காய்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். போகக்கூடாத பின்னுக்குக் கொஞ்சம் கசியும். விடியற்காலையில் ஈரம் அதிகம், பழுது வரும். வெயில் ஏறினால் உலரும், பழுது போய்விடும். பட்டறைக்காரர் பத்து மணிக்கு வந்தால் என்ன கிடைக்கும்?

மூன்றாவது ஒளிவிடம் வயருக்குள்ளேயே இருக்கிறது. பூம் ஏறி இறங்கும் மூட்டில் வயர்க்கட்டு ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. மேலுறை சிறு கீறலும் இல்லாமல் இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. பூம் கீழே இருக்கும்போது அறுந்த நுனிகள் தொட்டுக்கொண்டிருக்கும். மேலே போனதும் பிரியும். சோதனை செய்பவர் பூமைக் கீழே இறக்கி வைத்துத்தானே சோதிப்பார்!

இங்கே மல்டிமீட்டரும் ஏமாறும். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எண்ணெய்ப் பாதையைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் மின்தடை 6 ஓம் என்று கொள்வோம். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் இழுக்கும். வழியில் கெட்டுப்போன கப்ளர் ஒன்று இன்னொரு 6 ஓம் தடையைச் சேர்க்கிறது. வால்வுக்குப் பாதி வோல்ட்தான் போகும், அது திறக்காது. இப்போது வால்வைக் கழற்றிவிட்டு வயர் நுனியில் மீட்டரை வையுங்கள்: முழுசாக 12 வோல்ட் காட்டும். மீட்டரின் உள்தடை சுமார் ஒரு கோடி ஓம். அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். அவ்வளவு சிறு ஓட்டத்துக்கு 6 ஓம் ஒரு தடையே அல்ல. பழைய எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டெஸ்ட் லாம்ப் இங்கே மீட்டரை வென்றுவிடும். 21 வாட் பல்பு நிஜமாகவே கரண்ட் இழுக்கும். கெட்ட இணைப்பில் மங்கி எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். மீட்டரால் செய்ய வேண்டுமானால், வால்வு வேலை செய்துகொண்டிருக்கும்போதே கப்ளரின் இரு பக்கமும் முனைகளை வைத்து, நடுவில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளக்க வேண்டும்.

வேகம் இன்னொரு சிக்கல். சாதாரண மீட்டர் நொடிக்கு மூன்று நான்கு முறைதான் திரையை மாற்றுகிறது. நூறில் ஒரு நொடி தொடர்பு அறுந்தாலே ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச் விழுந்துவிடும். மீட்டர் அதைப் பார்த்திருக்காது. அதனால்தான் சில நல்ல மீட்டர்களில் கணநேர உச்சத்தையும் தாழ்வையும் பிடிக்கும் ‘பீக் மின்–மேக்ஸ்’ வசதி இருக்கிறது. மாட்டி வைத்துவிட்டு வயரை அங்கங்கே ஆட்டுங்கள். வந்துபோன தாழ்ந்த வோல்ட்டை அது பிடித்து வைத்திருக்கும்.

புதுக் கிரேன்களில் எஞ்சினையும் பாரம் அளக்கும் கருவியையும் கவனிக்கும் கணினிகள் ‘கேன்’ என்ற இரட்டை வயரில் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. இரு வயர்களும் பின்னிக்கொண்டு ஓடும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஒன்றுபோல் பாதிப்பதால், வித்தியாசத்தை மட்டும் படிக்கும் கணினிக்கு இரைச்சல் கேட்காது. பாதையின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. ஒரே எண், பல மீட்டர் வயரின் நலம்!

அறுந்த இடம் எத்தனை அடி தள்ளி என்பதையும் கண்டுபிடிக்கலாம். வயரில் ஒரு துடிப்பை அனுப்பினால், கெட்ட இடத்தில் மோதி எதிரொலி திரும்பும். ஒரு நொடியை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறுக்குள் துடிப்பு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஓடும். எதிரொலி வர 100 கூறு ஆனால், பழுது 10 மீட்டரில். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சிந்தியா ஃபர்ஸ் குழுவினர், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வயரிலேயே இதைச் செய்யும் முறையை விமானங்களுக்காக வளர்த்தார்கள். 1998-இல் 229 பேரைப் பலிகொண்ட ஸ்விஸ்ஏர் 111 விமானத் தீ, வயரில் எழுந்த மின்பொறியில் தொடங்கியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது நினைவிருக்கலாம்.

இத்தனை கருவிகளுக்கும் முன்னால் ஒரு கருவி இருக்கிறது: ஆபரேட்டரின் ஞாபகம். காலையிலா, மதியமா? பூம் எந்தக் கோணத்தில்? எஞ்சின் சூடேறிய பிறகா? மழைக்கு மறுநாளா? காலையில் மட்டும் என்றால் ஈரம், பூம் ஏறினால் மட்டும் என்றால் மூட்டு வயர், குண்டு குழியில் மட்டும் என்றால் கப்ளர். பழுது வந்த வேளையையும் நிலையையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கும் ஆபரேட்டர், கேட்காமலே ரிலேயும் வால்வும் மாற்றிக்கொண்டு போகும் மெக்கானிக்கைவிட முதலாளிக்கு அதிகம் மிச்சப்படுத்துகிறார்.

கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாட்களில் கிரேனுக்கு ஓய்வே இருக்காது; நிற்கும் கிரேனை ஓடவைக்க எல்லோருக்கும் அவசரம். அப்போதுதான் யாராவது ஒருவர், ‘லிமிட் சுவிட்சுக்கு டைரக்ட் கொடுத்துடலாம்ணே’ என்பார். ஒரு துண்டு வயரால் சுவிட்சின் இரு முனையையும் சேர்த்துவிட்டால் கிரேன் நிற்கவே நிற்காது. கொக்கி நுனியில் மோதும்போதும் நிற்காது. உங்கள் ஆலைக்கோ வீட்டு வேலைக்கோ கிரேன் வந்தால், தூக்குவதற்கு முன் ஆபரேட்டரிடம் ஒன்று கேளுங்கள்: லிமிட் சுவிட்ச் வேலை செய்கிறதா? வெறும் கொக்கியை மெதுவாக மேலேற்றிக் காட்டச் சொல்லுங்கள். எல்லையில் தானாக நின்றால் பாரத்தை மாட்டச் சொல்லலாம். நிற்காவிட்டால் அந்தக் கிரேனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.