அளவுமாதிரி வாகனங்கள்

அளவுமாதிரி வாகனம் என்பது கார், பேருந்து, லாரி போன்ற உண்மையான ஊர்தி ஒன்றின் நீளம், அகலம், உயரம் அனைத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யப்படும் சிறு வடிவம் ஆகும். விளையாட்டுப் பொம்மைக்கும் இதற்கும் உள்ள முதன்மை வேறுபாடு அந்த விகிதமே. பொம்மைக் காரின் சக்கரம் பெரிதாகவோ கூரை உயரமாகவோ இருந்தாலும் குறையில்லை. அளவுமாதிரியில் அப்படி இருந்தால் அது பிழை. உலோக வார்ப்பு, பிளாஸ்டிக், ரெசின், மரம், அட்டை எனப் பல பொருள்களில் இவை செய்யப்படுகின்றன. சேகரிப்பதும் சொந்தமாகச் செய்வதும் இந்தப் பொழுதுபோக்கின் இரு கிளைகள். கோயம்புத்தூர், கரூர், நாமக்கல் உள்ளிட்ட கொங்குப் பகுதியில் வாகனத் தொழில் ஆழமாக வேரூன்றியிருப்பதால் இரண்டு கிளைகளுக்கும் அங்கே தனிப் பொருள் உண்டு.

அளவு விகிதம்

1:43 என்றால் உண்மையான வாகனத்தின் 43 அலகு நீளம் மாதிரியில் 1 அலகாகக் குறைகிறது என்று பொருள். அம்பாசிடர் காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். அது 1:18 அளவில் 24 சென்டிமீட்டராகவும், 1:43 அளவில் 10 சென்டிமீட்டராகவும், 1:64 அளவில் 6.7 சென்டிமீட்டராகவும் அமையும்.

பரவலாக வழங்கும் சில விகிதங்கள் மாதிரி ரயில்களிலிருந்து வந்தவை. பிரிட்டனின் 'ஓ' வகை மாதிரி ரயிலில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு. அந்த ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தி வைக்கச் செய்த கார்களிலிருந்து 1:43 நிலைத்தது. அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கிலிருந்து 1:76 வந்தது. மேலை நாட்டுப் பேருந்து மாதிரிகள் பல இந்த அளவில் உள்ளன. கடைகளில் 1:64 என்று விற்கப்படும் சிறிய கார்களில் பல அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. ஒரே அளவுள்ள அட்டையில் எல்லாக் கார்களும் அடங்க வேண்டும் என்பதற்காகப் பெரிய கார் கூடுதலாகச் சுருக்கப்படும்.

நீளத்தைக் குறைப்பதுபோல் எல்லாவற்றையும் குறைக்க முடியாது. நீளம் 43-இல் ஒரு பங்கானால், கன அளவு 43-இன் மும்மடிப் பெருக்கமான 79,507-இல் ஒரு பங்காகும். ஆகவே 1,100 கிலோ எடையுள்ள காரின் 1:43 மாதிரி, கணக்குப்படி 14 கிராம்தான் இருக்க வேண்டும். வார்ப்பு உலோக மாதிரியோ பொதுவாக 100 கிராமைத் தாண்டும். காரின் தகடு 0.8 மில்லிமீட்டர் தடிமன் என்றால் மாதிரியில் அது 0.02 மில்லிமீட்டருக்கும் குறைய வேண்டும். அவ்வளவு மெல்லிய சுவரை வார்க்க இயலாது. பெயின்ட் பூச்சும் அப்படியே. தடித்த பூச்சு கதவு இடுக்குகளையும் எழுத்துகளையும் மூடிவிடும். எனவே நல்ல மாதிரி என்பது இயந்திரத்தனமான சுருக்கம் அன்று. எதைச் சற்று மெலிதாக்கிக் காட்டுவது, எதை ஆழமாக வெட்டுவது என்று செய்பவர் எடுக்கும் முடிவுகளின் தொகுப்பே அது.

உலோக வார்ப்பு

தொழிற்சாலை மாதிரிகளில் பெரும்பாலானவை ஜமாக் எனப்படும் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் செய்யப்படுகின்றன. துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மானியப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து இப்பெயர் உண்டானது. அலுமினியம் ஏறத்தாழ 4 விழுக்காடு இருக்கும். இக்கலவை 380 பாகை செல்சியசை ஒட்டி உருகும். உருகிய உலோகம் அழுத்தத்துடன் டை எனப்படும் எஃகு அச்சுக்குள் செலுத்தப்படும். சில நொடிகளில் அது உறைந்து காரின் உடல் வெளியே வரும். பிசிறு நீக்குதல், பெயின்ட் அடித்தல், எழுத்தும் சின்னமும் அச்சிடுதல், கண்ணாடியும் இருக்கையும் பொருத்துதல் ஆகியவை பிறகு நடக்கும்.

உலோகம் குளிரும்போது சுருங்குவதால் அச்சை இறுதி அளவைவிடச் சற்றுப் பெரிதாகக் குடைய வேண்டும். கோயம்புத்தூரின் பவுண்டரிகளில் பம்பு, மோட்டார் பாகங்களுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்பவர்களுக்கு இது அன்றாடக் கணக்கு. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கும். 1,000 மில்லிமீட்டர் பாகத்துக்கான பேட்டர்னை 1,010 மில்லிமீட்டராகச் செய்வார்கள். சிறு காருக்கான அச்சும் பெரிய பம்புக்கான பேட்டர்னும் இந்த ஒரே விதியைப் பின்பற்றுகின்றன.

வரலாறு

லிவர்பூலில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய பிராங்க் ஹார்ன்பி 1933-இல் மாதிரி ரயில்களுக்குத் துணையாகச் சிறு வாகனங்களை வெளியிட்டார். 1934 முதல் அவை டிங்கி டாய்ஸ் என்று பெயர் பெற்றன. லண்டனின் லெஸ்னி நிறுவனம் 1953-இல் மேட்ச்பாக்ஸ் வரிசையைத் தொடங்கியது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதி இருந்ததால், அந்நிறுவனத்தின் ஜாக் ஓடெல் தம் மகளுக்குச் செய்து கொடுத்த சிறு சாலை உருளையே இதற்குத் தூண்டுதல். அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968-இல் ஹாட் வீல்ஸ் கார்களை வெளியிட்டது.

டிங்கி நிறுவனம் பயன்படுத்தி முடித்த அச்சுகள் சில 1960-களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றைக் கொண்டு நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. டிரையம்ப் ஹெரால்டின் அச்சிலிருந்து வந்த கார் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. உண்மையான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அக்காலத்தில் சென்னையில் உற்பத்தியானதே காரணம். பின்னர் லியோ பெயரில் ஹாட் வீல்ஸ் கார்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. அம்பாசிடர், ஆட்டோ ரிக்சா, அரசுப் பேருந்து போன்ற இந்திய வாகனங்களைப் பிளாஸ்டிக்கில், பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும் பொம்மைகளாகச் சென்டி டாய்ஸ் வெளியிட்டது. அவை துல்லியமான விகிதத்தில் அமைந்தவை அல்ல என்றாலும், கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் பலருக்கு முதல் மாதிரியாக அமைந்தன. அவற்றை வாங்கி மறுபெயின்ட் அடித்துத் திருத்துவோரும் உண்டு.

சுங்க வகைப்பாட்டில் அளவுமாதிரிகளும் பொம்மைகளும் ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயமானது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கவும் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் எடுக்கப்பட்ட இந்நடவடிக்கைகள், வெளிநாட்டு மாதிரிகளைச் சேகரிப்போரின் செலவையும் கூட்டின.

எந்த வாகனம் மாதிரியாகிறது

எஃகு அச்சைக் குடைவது செலவு மிகுந்த வேலை. அச்செலவு ஆயிரக்கணக்கான படிகளில் பங்கிடப்பட்டால்தான் ஒரு மாதிரியின் விலை வாங்கத்தக்கதாக இருக்கும். எனவே உலகச் சந்தையில் விரும்பப்படும் வாகனங்களே தொழிற்சாலை மாதிரிகளாகின்றன. ஒரு வட்டாரத்தில் மட்டும் ஓடும் வாகனங்கள், எத்தனை பேர் அவற்றில் பயணம் செய்திருந்தாலும், பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

இந்த வேறுபாட்டின் இரு முனைகளையும் கொங்குப் பகுதியில் காணலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அவர் ஓட்டிய 19-ஆம் எண் ஜோர்டான் இ.ஜே.15 காரை ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் நிறுவனம் 1:43 அளவில் வெளியிட்டது. உலகம் முழுதும் பார்க்கும் பந்தயம் என்பதால் அதற்கு வாங்குவோர் உண்டு. அவருக்கு முந்தைய தலைமுறையில் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், மாருதி எஞ்சினைக் கொண்டு பார்முலா மாருதி என்ற சிக்கனமான பந்தயக் காரை உருவாக்கி, இந்திய இளைஞர்கள் பந்தயத்துக்கு வர வழி அமைத்தார். அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது. உள்நாட்டுப் பந்தயத்தோடு நின்ற இத்தகைய கார்களுக்கு அச்சு செய்யும் அளவுக்குச் சந்தை இல்லை.

பேருந்துகளின் நிலையும் இதுவே. ஜி. டி. நாயுடு 1920-இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கிய காலம் முதல் தனியார் பேருந்து இப்பகுதி வாழ்வின் ஒரு பகுதி. கரூர் பேருந்துக் கூடு கட்டும் தொழிலுக்கும், நாமக்கல் லாரிக் கூடு கட்டும் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சட்டகமுமாக வரும் சேசிஸ் மீது பட்டறையில் கூடு கட்டப்படுகிறது. ஒரே சேசிஸ் ஆனாலும் முகப்பு, சன்னல் வரிசை, ஏணி, வண்ணம், பெயர் எழுதும் பாணி ஆகியவை பட்டறைக்குப் பட்டறை, உரிமையாளருக்கு உரிமையாளர் மாறும். இரண்டு பேருந்துகளே ஒன்றுபோல் இல்லாதபோது பல்லாயிரம் படிகள் வார்ப்பதற்கு இடமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடியபின் அவை உடைப்புக்குப் போகின்றன. கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி. டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய கார்கள் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு முழுப் பேருந்தை அப்படி வைத்துக்கொள்ள இடமும் செலவும் அதிகம்.

கைவேலை மாதிரிகள்

இந்த இடைவெளியைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கையால் பேருந்து, லாரி மாதிரிகள் செய்வோர் நிரப்புகின்றனர். முதன்மைப் பொருள் பி.வி.சி. ஃபோம் ஷீட். பேனாக் கத்தியால் எளிதாக வெட்டலாம், வெந்நீர்ச் சூட்டில் வளைக்கலாம். சன்னலுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தாள், எழுத்துக்கு வெட்டிய ஸ்டிக்கர், விளக்குக்கு எல்.இ.டி. ஆகியவை பயன்படுகின்றன.

வேலை அளவெடுப்பில் தொடங்குகிறது. பேருந்தின் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரமே அடிப்படை அளவு. தனியார் பேருந்துகளில் பரவலான 222 அங்குலச் சேசிஸில் அது 5,639 மில்லிமீட்டர். 1:24 அளவில் 235 மில்லிமீட்டர் வரும். பக்கவாட்டிலிருந்து நேராக எடுத்த ஒரு புகைப்படத்தில் இந்தத் தூரத்தை அளந்து கொண்டால், சன்னலின் அகலம் முதல் படிக்கட்டின் உயரம் வரை மற்ற அளவுகளை விகிதக் கணக்கில் பெறலாம். படம் சாய்வாக இருந்தால் கணக்கு பிழையாகும். அருகிலிருந்து எடுத்த படத்தில் அளவுகள் திரிந்து தெரியக்கூடும் என்பதால், இயன்றவரை தள்ளி நின்று எடுப்பது நல்லது. தொடக்கநிலையாளர் பெரும்பாலும் சக்கரத்தில் தவறுகின்றனர். ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் பேருந்து டயர் 1:24 அளவில் 44 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைத்த பொம்மைச் சக்கரத்தைப் பொருத்தினால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் வண்டி பொம்மையாகவே தோன்றும்.

பாதுகாப்பும் சிதைவும்

உலோக மாதிரி என்றால் அழியாது என்று கருதுவது தவறு. துத்தநாகத்தில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் உலோகத்தின் உட்துகள்களுக்கு இடையே அரிப்பு ஏற்படும். பெயின்ட் வெடித்து, உடல் விரிசல் விட்டு, கடைசியில் பொடியாக உதிரும். துத்தநாக நோய் எனப்படும் இதற்கு மருந்து இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல இப்படி அழிந்தன. ஈரமும் வெப்பமும் சிதைவை விரைவாக்கும். மென்மையான டயர்களிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் பிளாஸ்டிக் பீடத்தை இளக்கி ஒட்டிக்கொள்ளும். நேரடி வெயில் சிவப்பு வண்ணத்தை வெளிறச் செய்யும். ஃபோம் ஷீட் மாதிரிகளுக்கு வெப்பமே பெரும் பகை. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கூரை நெளிந்துவிடும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள கண்ணாடி அலமாரியும், டயர் தரையில் அழுந்தாதபடி அடியில் ஒரு முட்டும் போதுமான பாதுகாப்பு.

ஆவண மதிப்பு

தொழிற்சாலை மாதிரியின் அடிப்பகுதியில் வாகனத்தின் பெயரும் விகிதமும் பொறிக்கப்பட்டிருக்கும். கைவேலை மாதிரிகளில் இது பெரும்பாலும் விடுபடுகிறது. எந்த ஆண்டின் பேருந்து, எந்தச் சேசிஸ், கூடு கட்டப்பட்ட ஊர், ஓடிய தடம், மாதிரியின் விகிதம், அளவு எடுக்கப்பட்ட விதம் ஆகிய ஆறு விவரங்களை அடியில் எழுதி ஒட்டினால், உண்மையான வண்டி உடைப்புக்குப் போன பிறகும் மாதிரி அதன் சான்றாக நிற்கும். நினைவிலிருந்து செய்த பகுதிகளையும் அதிலேயே குறிப்பது வழக்கமானால், பின்னாளில் பார்ப்பவர் அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்தறிய முடியும்.