மேனாட்டோவியத்துச் சாத்தானும் ஆணவமலமும்

கிறித்து சமயத்தார் கூறும் சாத்தானை நம் சித்தாந்தத்து ஆணவமலத்தோடு ஒப்பிட்டுரைப்பார் உளர். செருக்கே சாத்தானது வீழ்ச்சிக்குக் காரணமென அச்சமயநூல்கள் கூறுதலும், ஆணவமென்னுஞ் சொல் உலகவழக்கிற் செருக்கெனப் பொருள்படுதலும் இவ்வொப்புமைக்கு இடனாயின. அது பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

அவர் கொள்கைப்படி சாத்தான் இறைவனாற் படைக்கப்பட்ட தேவதூதருள் ஒருவன். அவனும் அவனைச் சார்ந்தாரும் இயற்கையான் நல்லராகப் படைக்கப்பட்டுத் தம்மாலேயே தீயராயினர் என்று உரோமாபுரியில் கி. பி. 1215-இல் கூடிய இலாத்தரன் பேரவை அறுதியிட்டது. நன்மைக்கொன்று தீமைக்கொன்றென இருமுதல் கொண்ட காதாரரை மறுத்தற்கு எழுந்த முடிபு அது. அதற்கு எண்ணூறாண்டளவு முற்பட்ட அகுஸ்தீன் என்னும் ஆசிரியர், தீமையென்பது தனிப்பொருளன்று, நன்மையின் இன்மையே என்றார்.

இன்மையை எழுதிக் காட்டுதல் யாங்ஙனம்? ஆயினும் ஓவியர் எழுதினர். இத்தாலிநாட்டு இரவென்னா நகரில் ஆறாம் நூற்றாண்டிற் சமைந்த கோயிலொன்றில், கிறித்து செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரித்து நிறுத்தும் காட்சி வண்ணக்கல் பதித்து அமைக்கப்பட்டுள்ளது. வெள்ளாடுகளின் பக்கத்து நிற்கும் நீலநிறத் தூதனைச் சாத்தானென்பர் ஒருசாரார். அவன் சிறகுடைய அழகன். பிற்காலத்தோ அவ்வழகு முற்றும் ஒழிந்தது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பொகீமியநாட்டில் எழுதப்பெற்று, இன்று சுவீடன் தலைநகரத்து நூல்நிலையத்தில் உள்ள பேருருவச் சுவடியில், பச்சைமுகமும் செங்கொம்பும் நீண்ட உகிருமாய் ஒரு பக்கம் முழுதும் அவனே நிற்கின்றான், எதிர்ப்பக்கத்தில் விண்ணகரம். பதுவா நகரில் ஏறத்தாழ 1305-இல் ஜொத்தோ தீட்டிய சுவரோவியத்தில் அவன் மக்களை விழுங்குகின்றான். புலவர் தாந்தே ஒருவரே தத்துவத்தை நெருங்கினார் எனலாம். அவர் காட்டும் சாத்தான் தீயிலல்லன், பனிக்கட்டியில் உறைந்து அசைவற்றுக் கிடக்கின்றான். சிறகடிக்குந்தோறும் அக்குளிரே மிகுகின்றது.

இனி ஆணவமலமோ தொடக்கமில்லாதது, சடம், செம்பிற் களிம்புபோல உயிரோடு உடனிற்பது. சாத்தான் தோற்றமும் அறிவும் விழைவும் உடையன். ஆகலின் அவன் மலமாகான். நம் நூன்முறையான் நோக்கின், மலத்தாற் கட்டுண்ட பசு என்றே கொள்ளற்பாலன். இருள் பிறவற்றை மறைத்துத் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது மறைக்கும் என்பது திருவருட்பயனிற் கண்ட கருத்து. எவ்வோவியன் அதனை எழுத வல்லன்?

நல்லனாகப் படைக்கப்பட்டவன் தீமையை விழைந்தது யாதனால் என்னும் வினாவுக்கு விடையாகப் பதினோராம் நூற்றாண்டில் ஆன்செலம் என்பார் தனிநூலே யாத்து, அவ்விழைவுக்கு முற்பட்ட காரணமில்லை, விழைந்தான் ஆகலின் விழைந்தான் என முடித்தார். இறைவன்மேற் குற்றம் ஏறாது காக்குங் கருத்து அது, போற்றத்தக்கதே. எனினும் சற்காரியவாதிக்கு அஃது அமையாது. அநாதிமலம் கொள்ளின் நீவிரும் காதாரர் ஆவீரே எனின், ஆகோம். மலம் இறைக்கு எதிர்நிற்கும் முதலன்று, அவனது திரோதானசத்தி செலுத்தச் செல்லுஞ் சடமே என்க.

மற்றுமொரு வேற்றுமை உண்டு. வீழ்ந்த தூதரின் விழைவு மீளாது என்றார் தாமசு அக்குவினாசு, அவர்க்கு உய்தியில்லை. கந்தபுராணத்துச் சூரபன்மனோ பிளவுண்டு, மயிலுஞ் சேவலுமாய் முருகப்பெருமானுக்கு ஊர்தியும் கொடியும் ஆயினான்.