நேரடி இரண்டாம் ஆண்டு: நெய்வேலியில் ஒரு காத்திருப்பு

நெய்வேலி மத்திய பேருந்து நிலையத்தில் வடலூர் பேருந்துக்காக நின்றிருந்த ஒரு மாணவியுடன் பேசினோம். அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். அப்பா இரண்டாம் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்க்கைக்கு விண்ணப்பித்துவிட்டுத் தரவரிசைப் பட்டியலுக்குக் காத்திருக்கிறார். கையில் இருந்தது கேட் தேர்வுக்கான பழைய புத்தகம். அட்டை கிழிந்து ஒட்டுப்போட்டிருந்தது.

"காலேஜே இன்னும் கெடைக்கல, அதுக்குள்ள எம்.டெக். புக்கான்னு எங்க தெருவுல சிரிக்கிறாங்க சார்" என்றார்.

அவருடைய கணக்கில் தவறில்லை என்பது விசாரித்தபோதுதான் நமக்கே புரிந்தது. டிப்ளமோ முடித்தவர்களும், பிளஸ் டூவில் கணிதம் படித்து பி.எஸ்சி. முடித்தவர்களும் முதலாண்டைத் தாண்டி நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதற்கான கலந்தாய்வு பல ஆண்டுகளாகக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி வழியாக நடந்து வந்தது. ஆதிதிராவிடருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் என்ற இடஒதுக்கீடு இங்கும் உண்டு. கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். அதாவது இந்த ஆண்டு இரண்டாம் ஆண்டில் சேரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டே தேர்வு வந்துவிடும். மற்றவர்கள் முதலாண்டில் படித்த கணிதத்தை இவர் கல்லூரியில் உட்கார்ந்து படித்திருக்கவும் மாட்டார். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் போன்ற தாள்களில் 100க்கு 13 மதிப்பெண் பொறியியல் கணிதத்துக்கும், 15 மதிப்பெண் பொது அறிவுத்திறனுக்கும் போகிறது. படிக்க அவகாசம் இருப்பது இந்தக் காத்திருப்பு மாதங்களில்தான். தெரு சிரிக்கட்டும்.

ஆனால் காத்திருப்பதற்கும் காசு வேண்டியிருக்கிறது. நகரியத்தில் நிரந்தரப் பணியாளர் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் வீட்டில் இருப்பது விடுமுறை. ஒப்பந்தக் கூலி வீட்டில் அது வருமானம் இல்லாத இரண்டு மாதம். "வேலைக்குப் போயிடு" என்று சொந்தக்காரர்கள் சொல்லத் தொடங்குவது இப்போதுதான். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் டிப்ளமோ முடித்தவர்களைத் தேடி வருவதும் இதே சமயத்தில்தான். பட்டியல் பதினைந்து நாள் தள்ளிப்போனால் சிலர் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

பஸ் ஏறாதவர்கள் பாதுகாப்புக்காகக் கையில் கிடைக்கும் ஏதாவதொரு கல்லூரியில் சேர்ந்து வைக்கிறார்கள். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. போன ஆண்டு கடலூர் மாவட்ட மாணவர் ஒருவர் தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. சேர்ந்து, மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றுகளையும் அசலாகக் கொடுத்துவிட்டார். கலந்தாய்வில் பி.இ. இடம் கிடைத்தது. சான்றிதழைக் கேட்டபோது மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்களாம். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் போய்ப் பேசி, கடைசி நாளில் டி.சி. கைக்கு வந்தது. கட்டிய பணம் வரவில்லை.

இந்த இடத்தில் விதி என்ன என்பதை மாணவர்கள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. இடத்தை விட்டுப் போகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியையும் தர வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்பவர்களுக்கே இந்த விதி உதவுகிறது. வாயால் கேட்பவர்களுக்கு "பிரின்சிபால் லீவு" என்ற பதில்தான் கிடைக்கிறது.

கட்டணம் இன்னொரு கதை. 2012இல் வந்த அரசாணை எண் 92, ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரிகளிலும் கற்பிப்புக் கட்டணத்திலிருந்து விலக்கு தருகிறது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு இப்போது இரண்டரை லட்சம் ரூபாய். "முதலில் கட்டு, ஸ்காலர்ஷிப் வந்ததும் எடுத்துக்கொள்" என்று சொல்லும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. அந்த 'முதலில்' என்ற சொல்லில்தான் நம் பிள்ளைகள் பலர் நின்றுவிடுகிறார்கள்.

அப்படி நின்றுபோன ஒருவரின் கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலி ஒருவரின் மகனுக்கு 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். கெடு ஜூன் 24, மாலை 5 மணி. ஊரில் பணம் திரட்டி முடிப்பதற்குள் கெடு முடிந்து, இடம் போனது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்து பார்த்தார்கள். கடைசியில் செப்டம்பர் 30 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு அரசமைப்புச் சட்டம் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, அந்த மாணவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் அந்தக் குடும்பம் நீதிமன்றப் படிகளில் காத்திருந்தது, 17,500 ரூபாய்க்காக. எல்லோராலும் டெல்லி வரை போக முடியுமா?

மேல்படிப்புக்குப் போகும்போதும் காத்திருப்பு கூடவே வருகிறது. வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2025இல் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் தற்காலிகக் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். அங்கே பல்கலைக்கழகம் சேரும் தேதி குறித்துவிட்டது, இங்கே கடிதம் இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நம் கிராமத்துக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் இதை நாம் பார்த்ததில்லை.

அந்தத் திட்டம் யார் பெயரில் இருக்கிறதோ, அவரே இந்தக் காத்திருப்பை அனுபவித்தவர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அம்பேத்கர், 1916இல் அங்கிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு மாறினார். அடுத்த ஆண்டே உதவித்தொகை முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் கிளம்பும் முன், நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுவிட்டுத்தான் கப்பல் ஏறினார். தனியாக அனுப்பிய புத்தகங்கள் போரில் தாக்கப்பட்ட கப்பலோடு கடலில் போயின. பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, பார்சி நண்பர் ஒருவர் தந்த கடன் ஆகியவற்றோடு 1920இல் மறுபடி லண்டன் போனார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. பட்டங்களைப் பெற்றார். அந்த அனுமதி கையில் இல்லாமலிருந்தால் மூன்று வருடம் கழித்து எந்தக் கதவைத் தட்டியிருப்பார்?

நெய்வேலி மாணவியின் திட்டம் அவ்வளவு தூரமில்லை. கேட்டில் தேர்ச்சி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்குத் தேர்வுக் கட்டணம் பாதி. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். இன்னொரு காரணத்தையும் சொன்னார். என்.எல்.சி. 2022இல் சுமார் 300 பட்டதாரிப் பயிற்சியாளர் இடங்களுக்குக் கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்தபோது, தமிழ்நாட்டவர் யாருமே தேர்வாகவில்லை என்று கட்சிகள் கண்டனம் தெரிவித்தன. "அப்பா உள்ள போறப்ப காண்ட்ராக்ட் பாஸ் காட்டிட்டுப் போறாரு. நான் வேற பாஸ்ல போகணும்" என்றார்.

வடலூர் பேருந்து வந்தது. வருமானச் சான்று புதுப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போகிறார். அசல் சான்றிதழ்கள் எங்கே என்று கேட்டோம்.

"அம்மா பொட்டியில பூட்டி வச்சிருக்கு சார். சீட் கெடைக்கிற வரைக்கும் சாவிய எனக்கே தர மாட்டேங்குது" என்றபடி ஏறிக்கொண்டார்.