கலனின் கொள்ளளவு

புத்தளக் கரையோரத்தில் உப்பு விளைவிப்போர் மூன்று வினாக்களுக்கு விடை அறிந்திருத்தல் வேண்டும். களஞ்சியத்தில் இன்று எத்தனை மூட்டை உண்டு? கட்டிடம் இப்போது எத்தனை மூட்டை கொள்ளும்? அதனைப் பெருப்பித்துக் கட்டுவதாயின் காணி எம்மட்டுக்கு இடந்தரும்? இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவோரின் உப்பை மாரி கரைத்துவிடும்.

கணினி நிரல் எழுதுவோர்க்கும் இவ்வினாக்களே எழுகின்றன. சி பிளஸ் பிளஸ் என்னும் கணினி மொழியின் முதலாவது சர்வதேச நியமம் 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மொழியின் நூலகத்தில் தரவுகளை இட்டுவைக்கும் கலன்கள் பல உண்டு. பெருவழக்கான கலன் 'வெக்டர்' என்பதாகும். அதனிடம் 'சைஸ்' எனக் கேட்டால் உள்ளிருப்பதன் எண்ணிக்கையைக் கூறும். 'கெப்பாசிட்டி' எனக் கேட்டால், பிடித்துவைத்த இடத்தில் எத்தனை அடங்கும் எனக் கூறும். 'மாக்ஸ் சைஸ்' எனக் கேட்டால், ஒருபோதும் தாண்டவியலாத உச்ச எல்லையைக் கூறும்.

இரண்டாவது அளவு நிரம்பினால் வெக்டர் வேறொரு பெரிய இடத்தைப் பெற்று, உள்ளவை யாவற்றையும் அங்கே பெயர்க்கும். பெயர்ப்பதற்கு நேரம் செலவாகும். ஆகவே, வரவிருப்பதன் அளவை அறிந்தோர் 'ரிசேர்வ்' என்னும் கட்டளையால் முன்கூட்டியே இடம்பிடிப்பர்.

மூன்றாவது விடையைப் பிழையாக விளங்கிக்கொள்ளுதல் எளிது. கணினி நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. 32 பிட் அளவான இலக்கத்தால் 4,294,967,296 இடங்களையே சுட்டலாம். உச்ச எல்லை இத்தகைய கணக்கிலிருந்து பெறப்படுவது. அவ்வளவு நினைவகம் கைவசம் உண்டு என்னும் வாக்குறுதி அன்று. காணி உறுதியில் எழுதிய பரப்பு, கட்டி முடித்த களஞ்சியம் ஆகாது.

எல்லையைக் கேளாது விடுவதன் விளைவை 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்து கண்டது. கொரோனாத் தொற்றாளர் விபரங்கள் பழைய வகை எக்செல் கோப்புகளில் சேர்க்கப்பட்டன. அவ்வகைக் கோப்பின் ஒரு தாள் 65,536 வரிசைகளையே கொள்ளும். அதற்கு மேற்பட்டவை ஓசையின்றி விடுபட்டன. செப்டெம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர் நாளாந்தக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரித்தலும் தாமதமாயிற்று.

வெக்டர் அவ்வாறு வாளாவிராது. உச்ச எல்லைக்கு மேலாக இடம் பிடிக்க முயன்றால், பிழை எனத் தெரிவிக்கும். எல்லைக்குள் கேட்டும் நினைவகம் போதாதாயின், அதனையும் தெரிவிக்கும். அவ்வறிவிப்பு வரும்போது நிரல் யாது செய்தல் வேண்டும் என்பதை முன்பே எழுதிவைத்தல் நிரலாளரின் கடமையாகும்.