பதின்மூன்றாம் எண் சட்டை

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ரக்பி வீரர் பிரையன் ஓ'டிரிஸ்கால் பெயரைச் சொன்னாலே அயர்லாந்துக்காரர்கள் ஏன் நெகிழ்ந்துபோகிறார்கள் என்று கேட்டீர்கள். அவர் போட்டிருந்த 13ஆம் எண் சட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரக்பியில் ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் முன்னால் எறியக் கூடாது. எதிரணியின் கோட்டைத் தாண்டி அதைத் தரையில் ஊன்றினால் 'ட்ரை', 5 புள்ளி. முதல் எட்டு எண்காரர்கள் முட்டி மோதிப் பந்தை எடுத்துத் தருவார்கள். மற்றவர்கள் அதை வாங்கி ஓடுவார்கள். 13ஆம் எண்காரர் நடுவில் வெளிப்பக்கமாக நிற்பவர். அவர் காக்க வேண்டிய இடம் மிக அகலம். ஓர் அடி முந்தினால் எதிராளி பந்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். ஓர் அடி பிந்தினால் சுற்றிக்கொண்டு ஓடிவிடுவார். கபடியில் பாடிப் போகிறவரும் மடக்கிப் பிடிக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ, அப்படிப்பட்ட வேலை.

2000 மார்ச்சில் பாரிஸில், 21 வயதில், பிரான்சுக்கு எதிராக அவர் மூன்று ட்ரை போட்டார். அயர்லாந்து 27-25 என்று வென்றது. அதற்கு முன் அங்கே அவர்கள் வென்றது 1972இல். அன்றிலிருந்து அவர் நாடறிந்த ஆள்.

ஆனால் என்னைக் கவர்வது பிற்பாதி ஓ'டிரிஸ்கால்தான். 2005இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணிக்குத் தலைவராக நியூசிலாந்து போனார். முதல் டெஸ்ட் தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே எதிரணியினர் இருவர் அவரைத் தூக்கிக் கீழே போட்டார்கள். தோள்மூட்டு விலகியது. அவர்களுக்குத் தண்டனை ஏதும் இல்லை. இன்று அப்படித் தூக்கித் தலைகீழாகப் போட்டால் சிவப்பு அட்டை, அதுதான் நியாயம்.

வயது ஏற ஏறக் கால் வேகம் குறைந்தது. அவர் வேறொரு வித்தையைக் கூர்மையாக்கிக்கொண்டார். தடுத்து வீழ்த்தப்பட்டவர் பந்தை விட்டே ஆக வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நொடியில், தன் காலில் நின்றபடி குனிந்து அதைப் பறிக்க வேண்டும். மேலே மலைபோல ஆட்கள் வந்து மோதுவார்கள். இது பொதுவாக முதல் எட்டு எண்களில் ஆடும் பெரிய ஆட்களின் வேலை. அவ்வளவு பெரிய உடம்பில்லாத இவர் அதில் அவர்களுக்கு இணையாக நின்றார்.

2009இல் அயர்லாந்து 61 ஆண்டுகளுக்குப் பின் கிராண்ட் ஸ்லாம் வென்றது. ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டங்களிலும் வெற்றி. கார்டிஃபில் வேல்ஸுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் அவர் போட்ட ட்ரை ஓட்டத்தால் வந்ததல்ல. கோட்டருகே ஆள் குவியலுக்குள் நுழைந்து ஊன்றியது. கோப்பையை வாங்கிய தலைவரும் அவரே. அயர்லாந்துக் குடியரசும் வட அயர்லாந்தும் ஒரே அணியாக ஆடும் விளையாட்டு ரக்பி. ஆகவே தீவு முழுவதற்கும் அவர் தலைவர். அப்படி 83 ஆட்டங்கள்.

2014இல் ஓய்வு பெறும்போது அயர்லாந்துக்காக 133 ஆட்டங்கள், 46 ட்ரை. அந்த 46 இன்னும் அந்நாட்டின் சாதனை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் அவர் தடுத்தவற்றையும் பறித்தவற்றையும் விட்டுவிடுகிறார்கள் என்பேன்.

அவருக்குக் கிடைக்காதது ஒன்று உண்டு. நியூசிலாந்தை வெல்லும் அயர்லாந்து அணியில் அவர் ஒருமுறைகூட இருந்ததில்லை. 2013 நவம்பரில் டப்ளினில் கடைசி நிமிடம் வரை முன்னிலையில் இருந்து 24-22 என்று தோற்றார்கள். அந்த வெற்றி 2016இல் சிகாகோவில் வந்தது. அவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து.