தென்னாபிரிக்கா: சட்டம் பிரித்த நிலமும் வாக்கு திருப்பாத காணியும்

தென்னாபிரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு நெல்சன் மண்டேலாவும் கிரிக்கெட்டும்தான் நினைவுக்கு வரும். வகுப்பில் மண்டேலாவின் விடுதலையைப் பற்றிச் சொன்னால் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சேர், அதுக்குப் பிறகு எல்லாம் சரியாப் போச்சா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அந்தப் பதிலை விரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்த நாட்டின் வரலாற்றில் இலங்கைக்கும் முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்குண்டு.

இலங்கையிலிருந்து சென்ற நாடுகடத்தல்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக யான் வான் ரீபெக் 1652 ஏப்ரலில் கேப் முனையில் இறங்கினார். கிழக்கு நோக்கிப் போகும் கப்பல்களுக்குத் தண்ணீரும் மரக்கறியும் கொடுக்கும் தரிப்பிடமாகத் தொடங்கியது, சில ஆண்டுகளிலேயே குடியேற்றமாகியது. அங்கு மேய்ச்சல் நிலம் வைத்திருந்த கொய்கொய் மக்கள் நிலத்தை இழந்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமென்று இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், தென்னிந்தியா, இலங்கை, மடகஸ்கார், மொசாம்பிக் ஆகிய இடங்களிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். அதே கம்பனிதான் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது.

மக்காசரைச் சேர்ந்த ஷெய்கு யூசுப் (ரஹ்), பாந்தன் சுல்தானோடு சேர்ந்து ஒல்லாந்தரை எதிர்த்தவர். அவரை 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். இங்கிருந்தும் அவர் எழுதினார், கற்பித்தார். ஹஜ்ஜுக்குப் போய்வரும் கப்பல்கள் இலங்கையில் தரிக்கும். அவற்றில் வந்தோர் வழியாக அவருடைய எழுத்துக்கள் இந்தோனேசியாவுக்குப் போயின. கம்பனி பயந்தது. 1694இல் அவரையும் குடும்பத்தினர், சீடர்கள் என 49 பேரையும் கேப்புக்கு அனுப்பி, நகரிலிருந்து தொலைவில் சாண்ட்விலீட் என்ற இடத்தில் வைத்தது. அவர் 1699இல் வபாத்தானார். அந்தப் பகுதிக்கு இன்று மக்காசர் என்றே பெயர். தென்னாபிரிக்க முஸ்லிம் சமூகத்தின் வரலாற்றை அவரிலிருந்து தொடங்குவதே அங்குள்ளோரின் வழக்கம்.

பிறகு திடோரே தீவிலிருந்து கைதியாக வந்த துவான் குரு, ரொபன் தீவுச் சிறையில் குர்ஆனை மனனத்திலிருந்து எழுதினார். விடுதலையான பின் 1794இல் கேப் டவுனில் தொடங்கிய அவ்வல் பள்ளிவாசல்தான் அந்த நாட்டின் முதல் பள்ளிவாசல்.

மொழி ஆய்வில் ஆர்வமுள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கு அடிமைகளும் எஜமானரும் பேசிக் கலந்து உருவான ஆபிரிக்கான்ஸ் மொழியை, கேப் முஸ்லிம்கள் மத்ரஸாப் பாடத்துக்காக அரபு எழுத்தில் எழுதினார்கள். நாம் அரபுத் தமிழ் எழுதியதைப் போலத்தான். உஸ்மானியப் பேரரசிலிருந்து வந்த அபூபக்கர் எபெந்தியின் 'பயானுத்தீன்' இஸ்தான்புல்லில் 1877இல் அச்சானது. அந்த மொழியின் ஆரம்பகால நூல்களில் ஒன்று அது. நூறு ஆண்டு கழிந்து, 1976 ஜூன் 16இல் அதே மொழியைப் பாடமொழியாகத் திணித்ததற்கு எதிராகத்தான் சொவெட்டோ மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள்; பொலிஸார் சுட்டார்கள். ஒரு மொழி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஓதும் மொழியாகவும் அடக்கும் மொழியாகவும் ஆகிவிடுகிறது.

ஒப்பந்தக் கூலிகளும் வியாபாரிகளும்

ஆங்கிலேயர் 1806இல் கேப்பை நிரந்தரமாகக் கைப்பற்றினர். 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. நேட்டாலில் கரும்புத் தோட்டங்கள் வந்தபோது, அடிமைக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலி வந்தது. மதராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் இப்படிப் போனார்கள். அவர்களில் தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையினர். சொந்தச் செலவில் குஜராத்தி முஸ்லிம் வியாபாரிகளும் பின்தொடர்ந்தனர். அவர்களில் ஒருவரான தாதா அப்துல்லாவின் வழக்குக்காகத்தான் காந்தி 1893இல் அங்கு போனார். 1906 செப்டம்பர் 11இல் ஜொகானஸ்பர்க் கூட்டத்தில், அநியாயச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்பதை இறைவன்மீது சத்தியமாகச் சொல்ல வேண்டுமென்று ஹாஜி ஹபீப் கேட்டார். அந்தச் சத்தியத்திலிருந்து எழுந்த போராட்டமே பின்பு சத்தியாக்கிரகம் எனப் பெயர் பெற்றது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாதென 1913இல் கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பெண்களும் சிறை சென்றனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வந்து 1914 பெப்ரவரியில் இறந்தபோது வயது 16.

பதிவேடும் வரைபடமும்

நிறவெறி என்பது வெறும் மனவெறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெறுப்பு மட்டும் ஒரு நாட்டை இத்தனை காலம் ஆளாது. அதற்குப் பதிவேடும் வரைபடமும் தேவைப்பட்டன.

1913ஆம் ஆண்டுச் சுதேசிகள் காணிச் சட்டம், நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்குச் சுமார் 7 வீதக் காணியை ஒதுக்கியது. 1936இல் அது 13 வீதமளவுக்குக் கூட்டப்பட்டது. 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. (அதே 1948இல்தான் சுதந்திர இலங்கை பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.) 1950இல் இரண்டு சட்டங்கள் வந்தன. குடிசனப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை எழுதியது. ஆள் எந்த இனமென்று சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சில் சொருகிப் பார்த்தார்கள். விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு இனம். ஒரே வீட்டுச் சகோதரர்கள் இரு இனமாகப் பதியப்பட்டதும் உண்டு. அடுத்து வந்த குழுப் பிரதேசச் சட்டம், எந்த இனம் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று கோடு போட்டது.

கேப் டவுனின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் கறுப்பின மக்களும் கலந்து வாழ்ந்த பகுதி. 1966 பெப்ரவரி 11இல் அது வெள்ளையருக்கு மட்டுமென அறிவிக்கப்பட்டது. 60,000க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டு, கேப் பிளாட்ஸ் என்ற மணல்வெளியில் குடியேற்றப்பட்டனர். வீடுகளைப் புல்டோசர் தள்ளியது. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் வெட்டைவெளியில் நின்றன. வெளியேற்றப்பட்டவர்கள் ஜும்ஆவுக்கு அங்கேயே திரும்பி வந்தார்கள். 1960 முதல் 1983 வரை நாடு முழுவதும் இப்படிப் பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் 35 இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர்.

தனிக் கதவு வேண்டாம் என்றவர்கள்

இந்தியரும் முஸ்லிம்களும் சிறு தொகையினர். ஒதுங்கி இருந்து வியாபாரத்தைப் பார்த்திருக்கலாம். அப்படி இருந்தவர்களும் உண்டு. ஆனால் டொக்டர் யூசுப் தாதூவும் டொக்டர் மொன்டி நாயக்கரும் 1947இல் ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் டொக்டர் சூமாவோடு கூட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அஹ்மத் கத்ராதா மண்டேலாவோடு 1964இல் ஆயுள்தண்டனை பெற்று 26 ஆண்டுகள் சிறையில் இருந்தார். கேப் டவுன் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் 1969இல் 123 நாள் தடுப்புக்காவலில் இருந்து இறந்தார். படியில் விழுந்தார் என்றது பொலிஸ். சித்திரவதையால்தான் இறந்தார் என்று நீதிமன்றம் சொன்னது 2023 ஒக்டோபரில். 54 ஆண்டு!

1983இல் அரசு ஒரு தூண்டில் போட்டது. பாராளுமன்றத்தில் மூன்று சபைகள்: வெள்ளையருக்கு 178 ஆசனம், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45, கறுப்பின மக்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் இந்தியரிலும் கலப்பினத்தவரிலும் பெரும்பாலானோர் வாக்களிக்கவே போகவில்லை. சிறுபான்மைக்கென்று தனிக் கதவு திறந்து, பெரிய அநியாயத்துக்குச் சாட்சியாக உள்ளே உட்காரச் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு அவர்கள் தந்த பதில் அது.

வாக்கு வந்தது, காணி?

1990 பெப்ரவரியில் மண்டேலா வெளியே வந்தார். 1991இல் காணிச் சட்டங்களும் இனப்பதிவுச் சட்டமும் நீக்கப்பட்டன. 1994 ஏப்ரல் 27இல் எல்லோரும் முதன்முறையாக ஒரே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். நீதியமைச்சர் துல்லா உமர் கொண்டுவந்த சட்டத்தின்படி, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அமைந்தது. 21,000க்கும் அதிகமானோர் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். முழு உண்மையையும் சொன்ன குற்றவாளிக்கு மன்னிப்பு என்பது ஏற்பாடு. 7,112 பேர் விண்ணப்பித்து 849 பேருக்கே கிடைத்தது. ஆனால் மன்னிப்புப் பெறாதவர்கள்மீது வழக்கும் பெரிதாக வரவில்லை.

1913க்குப் பின் பறிபோன காணிகளைக் கேட்க 1994இல் இன்னொரு சட்டம் வந்தது. 1998 முடிவுக்குள் ஏறத்தாழ 80,000 கோரிக்கைகள். நகர்ப்புறத்தில் பலர் காணிக்குப் பதில் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் முதல் இரண்டு முதியவர்களுக்கு வீட்டுச் சாவி கிடைத்தது 2004இல். அந்த மீள்குடியேற்றம் இன்னும் முடியவில்லை. 2017ஆம் ஆண்டு அரச கணக்கின்படி, தனியாருக்குச் சொந்தமான விவசாயக் காணியில் 72 வீதம் வெள்ளையரிடம். அவர்கள் சனத்தொகையில் பத்து வீதமும் இல்லை. சட்டத்தை ஒரு நாளில் நீக்கலாம். அது போட்ட கோடு நிலத்தில் கிடக்கும்.

எங்களுக்கு என்ன?

மண்டேலா வெளியே வந்த அதே 1990இல்தான், ஒக்டோபர் மாதம், வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டோம். தண்ணீரூற்றும் நீராவிப்பிட்டியும் அதில் அடங்கும். அங்கு நடந்தது அரசு சட்டம் போட்டுச் செய்தது; இங்கு நடந்தது யுத்தத்துக்குள் துப்பாக்கி சொன்னது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பின்விளைவு ஒன்றுபோல இருக்கிறது. எங்கட உம்மா காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் புத்தளம் முகாமில் இருபது வருடம் வைத்திருந்தார். உறுதி இருந்தும், திரும்பி வந்தபோது எல்லைக்கல் இல்லை; காணி காடாகிக் கிடந்தது. பிள்ளைகளுக்கோ புத்தளமே ஊராகிவிட்டது.

2010இல் இங்கும் ஓர் ஆணைக்குழு வந்தது: கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு. வடக்கு முஸ்லிம்களின் பிரச்சினைக்கு ஒரு விசேட குழு அமைத்து, தெளிவான அரச கொள்கை வகுக்க வேண்டுமென்று 2011 அறிக்கையில் சொன்னது. பரிந்துரை தாளில் இருக்கிறது.

தென்னாபிரிக்கரிடமிருந்து நாம் எடுக்கக்கூடிய ஒரு காரியம் அரசைக் காத்திருக்காமல் செய்யக்கூடியது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நூதனசாலை 1994 டிசம்பரில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் திறக்கப்பட்டது. தரையில் அழிந்த தெருக்களின் பெரிய வரைபடம் விரித்திருக்கிறார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் வந்து குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதுகிறார்கள். அரசு போட்ட வரைபடத்துக்கு எதிராக மக்கள் போட்ட வரைபடம் அது. நிலம் கேட்கப் போனவர்களுக்குச் சாட்சியும் அதுதான்.

நமது ஊர்களுக்கு அப்படி ஒன்று உண்டா? எந்த ஒழுங்கையில் யார் வீடு, எந்தக் கிணறு யாருக்குப் பொது, மையவாடியின் எல்லை எது, மத்ரஸா எங்கே இருந்தது, வயலுக்குப் பக்கத்துக் காணிக்காரர் எந்தத் தமிழ்க் குடும்பம் என்பதெல்லாம் எழுபது எண்பது வயதுக்காரரின் நினைவில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு பக்கம் போகிறது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆசிரியர்களும் இந்தப் பாடசாலை விடுமுறையிலேயே தொடங்கலாம்: ஒரு பெரிய தாள், ஒரு பென்சில், பக்கத்தில் ஒரு மூத்தவர். பக்கத்து ஊர்த் தமிழ்ப் பெரியவர்களையும் கூப்பிடுங்கள். பல எல்லைகள் அவர்களுக்கும் தெரியும்.