கொக்கரித்தால் குற்றமா?

கோழி கத்துகிறதாம்! முட்டையிடும் முன்பு முனகுகிறதாம், முட்டையிட்ட பின்பு முழங்குகிறதாம்! ஆகவே, ஒன்று அந்தக் கோழியை அப்புறப்படுத்த வேண்டும், அல்லது அதை வளர்ப்பவளை அப்புறப்படுத்த வேண்டும்! இப்படி ஒரு கோரிக்கை, ஏழெட்டுக் கையொப்பங்களுடன் மாநகராட்சிக்கும் போகிறது, வட்டக் கழகத் தோழர்களின் வீட்டு வாசலுக்கும் வருகிறது. கோழி பேசுகிறது, மாடி கோபிக்கிறது. இடையிலே நமது தோழர், எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் விழிக்கிறார்.

வடசென்னைத் தோழர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கத்துச் சந்துகளிலே, தண்ணீர்க் குடங்களுக்கும் சைக்கிளுக்கும் இடையே கிடைத்த நாலடி இடத்திலே, பழைய பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதிலே இரண்டு நாட்டுக் கோழிகளைக் குடிவைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளரை நம்பி எழுந்த தெருக்கள் அவை. 1918லே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்த ஆலையைச் சுற்றித்தான். 1996லே ஆலை மூடப்பட்டது. ஆலை இருந்த நிலத்திலே இன்று அடுக்கடுக்காய் மாடிகள். ஆலைச் சங்கு ஊதிய காலத்திலே, அந்த வட்டாரமே அதைக் கேட்டு எழுந்தது, அதைக் கேட்டு உலை வைத்தது. காது வலிக்கிறது, சங்கை நிறுத்து என்று எவரும் மனுப் போட்டதில்லை. அது முதலாளியின் சங்கு! இது மூலையிலே முடங்கிய கோழியின் குரல்! மனுப் போடத் துணிவு பிறக்கிறது!

கோழி ஏன் கத்துகிறது? வேலையற்றா? வம்புக்கா?

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரம் ஆகிறது. அதிலே இருபது மணி நேரம் ஓடு கட்டுவதற்கே! கோழி தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துத் தந்து அந்த ஓட்டைக் கட்டுகிறது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் முட்டையிடும் வேளை சற்றுத் தள்ளிப் போகிறது. தள்ளித் தள்ளிப் பிற்பகலை எட்டிவிட்டால், ஒரு நாள் ஓய்வு, பிறகு மீண்டும் காலைப் பணி. இரவு வேலை கோழிக்கு இல்லை. நம் தோழர்களிலே பலருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை என்பது வேறு கதை.

முட்டை வரும் நேரம் நெருங்கினால் கோழி நிலைகொள்ளாமல் அலைகிறது, இடம் தேடுகிறது, கேறுகிறது. இட்டு முடித்து எழுந்ததும் கொக்கரிக்கிறது. காட்டிலே திரிந்த நாளில், தான் முட்டையிட ஒதுங்கிய வேளையிலே கூட்டம் நகர்ந்து போயிருக்கும், ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்டு அழைத்த குரல் அது என்பார் சிலர். முட்டை இருக்கும் இடத்தைவிட்டு எதிரியின் கவனத்தைத் திருப்பும் தந்திரம் என்பார் வேறு சிலர். அறிஞர்கள் வாதிடட்டும். சத்தம் எவ்வளவு நேரம்? சில நிமிடங்கள், மிஞ்சினால் கால் மணி. எவ்வளவு உரக்க? தெருக் குழாயடியிலே இருவர் உரக்கப் பேசிக்கொள்ளும் அளவு. நாட்டுக் கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். இருபத்தோரு நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு பல வாரம். ஆண்டு முழுவதும் கூட்டினாலும் அறுபது, எழுபது முட்டைதான். ஆக, ஆண்டிலே முந்நூறு நாள் அந்தக் கோழிக்குக் கொக்கரிக்கக் காரணமே கிடையாது!

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலிலே 55 டெசிபல், இரவிலே 45 என்று வரையறுத்தன. காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை பகல். அந்த அளவும் ஒரு நொடிச் சத்தத்துக்கு அல்ல, நேரம் முழுவதுக்குமான சராசரிக்கு. மார்கழி மாதத்து விடியலுக்கு முன்பே நாலு திசையிலும் கூம்பு ஒலிபெருக்கி அலறும்போது, இந்த விதி எந்த அலமாரியிலே உறங்குகிறது? பொழுது விடிந்து, குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு ஒரு கோழி கொக்கரித்தால் மட்டும் அது எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்குமா? பக்தியின் பேரால் வந்தால் இரைச்சலும் இன்னிசை. பசியின் பேரால் வந்தால் கொக்கரிப்பும் குற்றம்! கோழிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்னவோ!

கோழி கத்துவதல்ல பிரச்சினை. கோழி யாருடையது என்பதே பிரச்சினை.

அந்தக் கோழி வீட்டுத் தலைவனுடையது அல்ல, தோழர்களே. பெரும்பாலும் அவனுக்கு அதன் கணக்கே தெரியாது. அது அம்மாவுடையது, அத்தையுடையது, ஆயாவுடையது. உலையிலிட்ட அரிசியிலே மிஞ்சிய நொய்யும், சோற்றுப் பானைப் பருக்கையும் தின்று வளர்ந்தது. பண்ணை முட்டையைப் போல இரண்டு மடங்குக்குமேல் விலை போகும் நாட்டு முட்டையை, பிள்ளை பெற்றவள் வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் விற்று, அந்தக் காசை முந்தானை முடிச்சிலே, அரிசிப் பானை அடியிலே சேர்க்கிறாளே, அதற்குத் தமிழிலே அழகான பெயர் இருக்கிறது: சிறுவாடு. கணவன் கையை எதிர்பாராத காசு! பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும், பேருந்துச் செலவுக்கும், சில வேளை அவன் குடித்துவிட்டு வந்த மாதத்து வாடகைக்கும் கைகொடுத்த காசு! பெண்ணுக்குச் சொத்திலே சம பங்கு வேண்டும் என்று 1929லே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே தீர்மானம் போட்டோம். அது கலைஞர் ஆட்சியிலே சட்டமானது 1989லே. அறுபது ஆண்டுகள்! அந்த அறுபது ஆண்டும் எழுதாத பத்திரமாய், பதியாத பட்டாவாய் ஏழைப் பெண்ணிடம் இருந்த சொத்து எது? பஞ்சாரத்துக் கோழி!

அதன் வாயைக் கட்டத்தான் முன்னோர் ஒரு பழமொழியே செய்து வைத்தார்கள். ‘பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்?’ என்று! கோழியைச் சாக்கிட்டுப் பெண்ணை அடக்கிய பேச்சு அது. பெட்டைக் கோழி தப்பித் தவறிச் சேவல்போல் கூவிவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று கழுத்தைத் திருகிய கொடுமையும் உண்டு. பாவம், அதன் கருவகம் பழுதுபட்டால் ஆண் தன்மை தலைகாட்டிக் கூவிவிடும் என்பது உடற்கூறு. சகுனமும் அல்ல, சாபமும் அல்ல. இன்னொன்றையும் பாருங்கள். தமிழன் கோழியைக் கொண்டாடாதவன் அல்லன். சோழன் தலைநகர் உறையூருக்கே கோழி என்று பெயர், யானையை ஒரு சேவல் பொருது வென்ற இடம் என்பது கதை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலே, சண்டையிலே மாண்ட சேவலுக்கு உருவம் செதுக்கி, எழுத்துப் பொறித்து நடுகல்லே நாட்டினார்கள், ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு! சண்டை போட்ட சேவலுக்குக் கல். முட்டை போட்ட கோழிக்கு? மனு!

மனுப் போடும் மாடிக் கனவான்கள் முட்டை தின்பதில்லையா? தின்கிறார்கள். நாளுக்கு இரண்டு தின்று, உடம்பு தேற்றுகிறார்கள். அந்த முட்டை நாமக்கல்லிலிருந்து வருகிறது. அங்கே லட்சக் கணக்கான கோழிகள், ஒரு முழுத்தாள் காகிதத்தின் அளவுகூட இல்லாத இடத்திலே, கம்பிக் கூண்டுக்குள்ளே நின்றபடி முட்டையிடுகின்றன. அவையும் கத்தத்தான் செய்கின்றன. கத்தல் நாமக்கல்லிலே, ஆம்லெட் அண்ணாநகரிலே! நடுவிலே முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். உழைப்பின் பலன் மேசைக்கு வர வேண்டும், உழைப்பின் ஓசை மட்டும் காதுக்கு வரக்கூடாது! நாமக்கல் முட்டையை நாம் குறை சொல்லவில்லை. 1989லே கலைஞர் சத்துணவிலே முட்டையைச் சேர்த்து, 2010லே அது வாரம் ஐந்து முட்டையாக வளர்ந்ததே, அத்தனை தட்டுகளையும் நிரப்பப் பழப்பெட்டிக் கோழியால் ஆகாது. நாம் கேட்பது, வயிற்றுக்குப் பொறுக்கிற கோழி காதுக்கு மட்டும் ஏன் பொறுக்கவில்லை என்பதுதான்.

இவ்வளவு சொன்ன நாம், எதிர்த் தரப்பிலே நியாயமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. இரவுப் பணி முடித்துக் காலையிலே கண் அயரும் தொழிலாளி அந்தத் தெருவிலேயும் உண்டு, மாடியிலேயும் உண்டு. அவன் தலைமாட்டுச் சன்னலுக்கு நேர் கீழே கூடு இருந்தால், கால் மணியும் அவனுக்குக் கனமானதுதான். எச்சம் நாறினால், எலி பெருகினால், அண்டை வீட்டான் மூக்கைப் பிடிக்கத்தான் செய்வான். சேவலோ, நான்கு மணிக்கே தொடங்கி நாள் முழுவதும் கூவும் பேர்வழி. விதியின்படியே அது இரவு நேரத்து இரைச்சல். ஆனால் கேளுங்கள், முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை! குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். முட்டை மட்டும் போதும் என்றால், பெட்டைக் கோழி சேவல் முகத்தைப் பாராமலே இட்டுக்கொண்டிருக்கும். மனுவிலே ‘கோழிச் சத்தம்’ என்று எழுதியிருப்பதைத் துருவிப் பார்த்தால், பாதிக்குமேல் சேவலின் கணக்காகத்தான் இருக்கும். ஆண் செய்த ஆரவாரத்துக்குப் பெண் மீது பழி! கோழி உலகத்திலேயும் அதுதானா?

பிரான்சு நாட்டிலே மோரிஸ் என்றொரு சேவல் மீது வழக்கே தொடுத்தார்கள். ஓலெரோன் தீவுக்கு விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள், தூக்கம் கெடுகிறது என்று நீதிமன்றம் ஏறினார்கள். 2019 செப்டம்பரிலே தீர்ப்பு: சேவல் கூவலாம், வழக்குத் தொடுத்தவர்கள் ஆயிரம் யூரோ தர வேண்டும்! 2021 சனவரியிலே, நாட்டுப்புறத்தின் ஓசையும் மணமும் காக்கத்தக்க செல்வம் என்று அந்த நாடு சட்டமே செய்தது. அது நாட்டுப்புறத்துக்கான சட்டம், நகரத்துக்கு அல்ல. நமது ஊர்ச் சந்துக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது. ஆனாலும் பிந்தி வந்தவன் முந்தி இருந்தவளைப் பார்த்து ‘வாயை மூடு’ என்றால், நீதிமன்றம் யாரைப் பார்த்துப் பேசிற்று என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, வட்டக் கழகத் தோழர்களே, மனு வந்தால் காவல் நிலையத்துக்குக் கை காட்டாதீர்கள். மனுப் போட்டவரையும் கோழி வளர்க்கும் அம்மாவையும் ஒரே பாயிலே உட்கார வையுங்கள். அந்த அம்மாவை முதலில் பேச விடுங்கள். சேவல் இருந்தால் கிராமத்து உறவினரிடம் அனுப்பச் சொல்லுங்கள். நெருக்கமான சந்திலே மூன்று நான்கு கோழிக்குமேல் வேண்டாம். பெட்டிக்குள்ளே இருட்டும் மறைவுமாய் முட்டையிட ஒரு மூலை, அடியிலே வைக்கோலோ உமியோ இருந்தால், கோழி இடம் தேடி அலைந்து கேறுவதே பாதி குறையும். எச்சத்தை அன்றாடம் அள்ளி, தொட்டிச் செடிக்கு உரமாக்கச் சொல்லுங்கள். இரவுப் பணித் தோழர் எந்தச் சன்னலடியிலே தூங்குகிறார் என்று கேட்டு, கூட்டை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்தி வையுங்கள். பழப்பெட்டியைத் தூக்க இரண்டு பேர் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையிலே, முட்டையிடும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடலாம்.